கராஜ் வாசல்: மூன்று சீல் மாற்றியும் நிற்காத ஒழுக்கு

சென்ற இதழில் மொறிஸ் மைனர் காரின் பின் சில்லில் ஒயில் கசிவதைப் பற்றி இரண்டே வரிகள் எழுதினேன். காகிதப் பேக்கிங் வைக்கும் இடத்தில் சிலிக்கன் பசையை அப்பாதீர்கள் என்பதுதான் அது. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள், காற்றில் பறக்காமல் மேலே ஒரு ஸ்பானரை வைக்க வேண்டிய அளவுக்கு என் மேசையில் சேர்ந்துவிட்டன. ஆகவே இம்முறை கார்புரேட்டரும் இல்லை, டைனமோவும் இல்லை. இரண்டு பின் சில்லுகளையும் இணைத்துச் சுழற்றும் பின் அக்சில் மட்டும்தான்.

என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. இடது பின் சில்லில் ஒயில் ஒழுகுகிறது. ஒரு வருடத்துக்குள் மூன்று முறை ஒயில் சீல் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் காய்ந்திருக்கும்; பிறகு பழையபடிதான். இப்போது வருகிற சீல்கள் தரமில்லை என்கிறார் மெக்கானிக். லண்டனில் இருக்கும் மகனிடம் சொல்லி அங்கிருந்து சீல் எடுப்பிக்கட்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

மாஸ்டர், மகனிடம் சீல் கேட்காதீர்கள். வேண்டுமானால் மெல்லிய இடைவெளிகளைத் தகடு நுழைத்து அளக்கும் நல்ல ஃபீலர் கேஜ் ஒன்று கேளுங்கள். மூன்று சீலும் ஒரே மாதிரி இரண்டு வாரத்தில் தோற்றதென்றால், ஒயிலைச் சீல்வரை தள்ளிவிடுகிற வேறு ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. மாணவன் மூன்று பரீட்சையிலும் ஒரே கேள்வியில் தவறினால் பேனையையா மாற்றுவீர்கள்?

முதலில், ஒழுகுவது அக்சில் ஒயில்தானா என்று பாருங்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் போதும். அக்சில் ஒயிலில் கந்தகம் கலந்திருப்பதால் கெட்டுப்போன உள்ளியின் நாற்றம் அடிக்கும், தடிப்பாக இருக்கும், தண்ணீரில் கழுவினால் போகாது. பிரேக் ஒயில் என்றால் மெல்லியதாக இருக்கும், தண்ணீரோடு போகும், பட்ட இடத்தில் பெயின்ற் பொங்கி உரியும். மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு. மைனரின் பின்பக்கத்தில் குலுக்கலை அடக்கும் லீவர் டாம்பருக்குள் இருக்கும் ஒயில் தையல் மெசின் ஒயில் போல இலேசானது. அது கசிந்தும் சில்லின் உட்பக்கம் நனையும். டாம்பர் ஒழுகியதற்கு அக்சில் சீலை மாற்றிய கராஜுகளை எனக்குத் தெரியும். அதில் ஒன்று என்னுடையது.

கந்தக நாற்றம்தான் என்றால், அக்சில் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுப் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்த பிறகு சில்லின் உட்பக்கத் தகட்டிலும் அக்சில் குழாயிலும், நடுவில் பற்சக்கரங்கள் இருக்கும் டிபரன்சலைச் சுற்றியும் முகப்பவுடரைத் தூவுங்கள். 10 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து குனிந்து பார்த்தால், ஒயில் புறப்பட்ட இடத்திலிருந்து ஈரக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்காமல் ஒரு நட்டையும் தொட வேண்டாம்.

அடுத்தது மூச்சுத் துளை. அக்சில் குழாயின் மேற்பக்கத்தில் சுண்டு விரல் நுனி அளவில் ஒரு சிறிய பிரீதர் இருக்கும். ஓடும்போது டிபரன்சல் சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, அந்தத் துளை வழியாக வெளியே போகிறது. துளை அடைத்தால் காற்றுக்கு வேறு வழியில்லை. ஒயிலை மறிக்கும் விளிம்பான சீலின் நாக்கைத் தூக்கிக்கொண்டு ஒயிலோடு சேர்ந்து வரும். நமது செம்மண் புழுதியும் ஒயிலும் கலந்தால் சீமெந்துபோல இறுகும். துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் அடிப்பாகம் முழுவதும் கறுப்புப் பூச்சு அடிக்கிறார்களே, அந்தப் பூச்சுக்காரரும் பிரீதரை விட்டுவைப்பதில்லை, அதன் மேலும் பூசிவிடுவார். ஒருமுறை ஒரு காரில் குளவி கூடு கட்டியிருந்தது. மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்து, கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்துப் பூட்டுங்கள். செலவு இல்லாத வேலை இது ஒன்றுதான், அதனாலேயே யாரும் செய்வதில்லை.

மூன்றாவதாக ஒயில் மட்டம். மைனர் 1000 அக்சில் குடிப்பது ஒன்றரை பைன்ற், அதாவது 0.85 லீற்றர். டிபரன்சலின் பின்பக்கம் இருக்கும் மூடியைத் திறந்து, கார் சமதரையில் நிற்க, ஒயில் அந்தத் துளையின் விளிம்புக்கு வந்து வழியும்வரை ஊற்ற வேண்டும். வழிவது நிற்கும்வரை மூடியைப் போடாமல் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்குத்தான் ஆட்களுக்குப் பொறுமையில்லை. வேறு சிலர் காரின் ஒரு பக்கத்தை ஜக்கில் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு லீற்றர் போத்தல் முழுவதையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். மீதியானது குழாய் வழியே சில்லுக்கு நடக்கும். அதுவும் ஏன் இடது சில்லுக்கு என்று கேட்பீர்கள். நாங்கள் காரை நிறுத்துவது றோட்டின் இடது ஓரத்தில். மழைத் தண்ணீர் வடிவதற்காக றோட்டு ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இரவு முழுவதும் இடது சில்லு பதிந்து நிற்கிறது. ஒயிலுக்கும் தண்ணீரின் புத்திதான்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் ஒழுகினால், நான் சொல்ல வந்த இடம் இனித்தான்.

மைனர் 1000 பின் சில்லில், சில்லைத் தாங்கும் நடுப்பாகமான ஹப் அக்சில் குழாயின் வெளிப்பக்கத்தில் ஒரு பெயாரிங்கின் மேல் சுற்றுகிறது. குழாயின் உள்ளே சுழலும் தண்டான அக்சில் ஷாஃப்டின் முகத்தட்டு, வெளியிலிருந்து வந்து ஹப்பின் மேல் மூடிபோலப் படிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதப் பேக்கிங். ஆகவே ஒயில் வெளியேற இரண்டு வாசல்கள். உட்பக்க வாசலைக் காப்பது சீல். வெளிப்பக்க வாசலைக் காப்பது காகிதம். பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் உட்பக்கத் தகட்டின் அடியில் ஒயில் தேங்கியிருந்தால் சீல் பக்கம். ஷாஃப்டின் முகத்தட்டு ஓரத்திலிருந்து சூரியக் கதிர்போல வெளியே தெறித்திருந்தால் காகிதப் பக்கம். காகிதம் கசிந்ததற்குச் சீலை மாற்றினால் மூன்று முறை அல்ல, முப்பது முறை மாற்றலாம்.

அந்த ஹப்புக்குள், பெயாரிங்குக்கு வெளியே, ஓர் இரும்பு வளையம் இருக்கும். ஸ்பேசர் என்போம். பெயாரிங்கும் வளையமும் உள்ளே போய் உட்கார்ந்து, காகிதமும் வைத்த பிறகு, அந்த வளையத்தின் முகம் காகிதத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஆயிரத்தில் நான்கு பங்கு வரை வெளியே துருத்தி நிற்க வேண்டும். மில்லிமீற்றரில் 0.025 முதல் 0.1 வரை. ஒரு தலைமயிரின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பனியின் பழைய கையேட்டில் இருக்கும் அளவு இது. அப்படித் துருத்தி நின்றால்தான் ஷாஃப்டின் முகத்தட்டு வளையத்தை அழுத்தி, வளையம் பெயாரிங்கை அழுத்தி, பெயாரிங் ஹப்புக்குள் அசையாமல் இருக்கும். துருத்தாவிட்டால் பெயாரிங்கை யாரும் பிடிக்கவில்லை. ஹப் ஒவ்வொரு வளைவிலும் சற்று ஆடும். ஆடும்போது காகிதம் தேயும், சீலின் நாக்கு ஒரு பக்கம் நசுங்கும். இரண்டு வாரம் காய்ந்திருந்து பிறகு ஒழுகுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

காகிதம் தடித்துவிட்டால் அந்தத் தலைமயிர் அளவு மறைந்துபோகும் என்பது புரிகிறதல்லவா? இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1993இல் யாழ்ப்பாணத்தில் பேக்கிங் காகிதம் இல்லை. பெற்றோலும் இல்லை, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம். ஒரு மைனருக்கு நான் நாட்காட்டி மட்டையில் பேக்கிங் வெட்டிப் போட்டேன். கத்தரிக்கோலால் மிக அழகாக வெட்டினேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. அந்தக் கார் உடுவிலிலிருந்து பருத்தித்துறைக்குப் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனது. வல்லை வெளியில் முகத்தட்டைப் பிடித்திருந்த திருகாணி அறுந்து, ட்ரம் முழுவதும் ஒயிலாகி, பிரேக் இல்லாமல் நின்றது. சில்லு கழன்று ஓடவில்லை. மைனர் 1000இல் சில்லைத் தாங்கும் ஹப்பைக் குழாயிலேயே ஒரு பெரிய நட் பிடித்திருப்பதால் அந்த அளவில் தப்பினோம். வல்லைக் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் கரியரில் போன பெண்ணின் பெரியம்மா என்னை நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

ஆகவே மாஸ்டர், உங்கள் மெக்கானிக்கிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இடது பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பக் கூடாது. இடது பக்கம் உயர்ந்திருந்தால் ஒயில் வலதுக்கு ஓடிவிடும், ஷாஃப்டை இழுக்கும்போது முகத்தில் வடியாது. ட்ரம்மின் இரண்டு திருகாணிகளும், பிறகு முகத்தட்டின் ஒற்றைத் திருகாணியும். ஷாஃப்ட் கையோடு வந்துவிடும். பூட்டுத் தகட்டின் மடிப்பை நிமிர்த்திப் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: இடது பக்க நட்டுக்கு இடது மரை. வலப்புறம் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் உளியும் சுத்தியலும் வைத்து அடித்து மரையை அழித்த கார்கள் எங்கள் குடாநாட்டில் ஏராளம். ஹப்பைப் புல்லர் போட்டு இழுங்கள்.

அங்கே அந்த இரும்பு வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுபது வயதை நெருங்கும் காரில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். யாரோ ஒருவர் அதை வேண்டாத பொருளென்று எடுத்து வைத்திருக்கலாம். சீலின் நாக்கு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீல் அந்தப் பள்ளத்தில் ஒருபோதும் நிற்காது. மெல்லிய எவர்சில்வர் உறை போடலாம், அல்லது சீலைச் சற்று முன்னுக்குப் பின் இருத்தி, தேயாத இடத்தில் நாக்கு படும்படி செய்யலாம். சீலின் நாக்கு பெயாரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். பிறகு ஹப்பைப் பூட்டி, காகிதத்தை வைத்து, வளையத்தின் மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்கும் காகிதத்துக்கும் இடையில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். ஆயிரத்தில் ஒன்றின் தகடு நுழைய வேண்டும். ஐந்தின் தகடு நுழையக் கூடாது.

மகன் ஃபீலர் கேஜ் அனுப்பும்போது அங்குல அளவும் பொறித்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் மைனரை அவர் காலமான பிறகு நான்தான் ஓட்டுகிறேன். வலது பின் சில்லில் ஒயில் கசிகிறது. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, ஹான்ட் பிரேக்கும் நிற்பதில்லை. லைனிங்கைப் பெற்றோலில் கழுவி உப்புத்தாளால் தேய்த்தால் போதும் என்கிறார்கள். தைப்பொங்கல்வரை ஓட்டலாமா?
— வாசகி, கோப்பாய்

பிள்ளை, ஓட்ட வேண்டாம். பொங்கலுக்கு ஓட்டோவில் போங்கள்.

ட்ரம்மில் உரசி நிறுத்தும் பிரேக் லைனிங் பஞ்சுபோல. ஒயிலைக் குடித்துவிட்டால் மேலே கழுவினாலும் சூடேறும்போது உள்ளேயிருந்து மறுபடி கக்கும். பழைய ஆட்கள் பெற்றோல் ஊற்றிக் கொளுத்துவார்கள். நானும் சிறுவனாக இருந்தபோது கொளுத்தியிருக்கிறேன், அது பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. தேய்க்கவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள், பிறகு இரண்டு பின் சில்லுக்கும் சேர்த்துப் புது லைனிங். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் இழுப்பது நிற்காது. ட்ரம்மை நன்றாகக் கழுவினால் போதும், அது இரும்பு.

டிபரன்சலின் மூக்கில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டுகிற இடத்தில், ஒயில் சொட்டுகிறது. அடித்தளம் முழுவதும் விசிறியடித்ததுபோல நனைந்திருக்கிறது. இங்கே ஒரு கராஜில் டிபரன்சல் முழுவதையும் இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். கார் 1965 மைனர், சத்தம் எதுவும் இல்லை.
— வாசகர், வவுனியா

தம்பி, சத்தம் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சத்தமில்லாத டிபரன்சலைத் திறப்பது, தூங்குகிற நாயை எழுப்பிக் குரைக்கச் சொல்வது போன்றது. மூக்கிலுள்ள சிறிய பற்சக்கரமான பினியனின் சீலை மட்டும் மாற்றினால் போதும். அரை நாள் வேலை.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கியர்பொக்ஸின் வாலில் கசியும் ஒயிலும் காற்றோடு பின்னுக்கு வந்து டிபரன்சலின் மூக்கில் படியும். கந்தக நாற்றம் இல்லையென்றால் அது கியர்பொக்ஸ் ஒயில். பிரீதரையும் பாருங்கள், மேலே மாஸ்டருக்குச் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பினியன் சீல்தான் என்று உறுதியானால், புரொப்பெல்லர் ஷாஃப்டின் முகத்தட்டிலும் பினியன் முகத்தட்டிலும் ஒரே நேரில் உளியால் சிறிய அடையாளம் போடுங்கள். நான்கு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை ஓரமாகக் கட்டி வையுங்கள். பினியன் முகத்தட்டைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு துளையுள்ள நீண்ட இரும்புப் பட்டம் ஒன்றைப் போல்ட் போட்டுப் பூட்டி, அதன் மறுமுனை தரையில் முட்டட்டும். குழாய்ச் சாவியால் முகத்தட்டைக் கௌவிப் பிடிக்க விடாதீர்கள். அதன் பல் பட்ட கீறல், சீலின் நாக்கை வாள்போல அறுக்கும்.

நட்டைக் கழற்றி முகத்தட்டை இழுத்தெடுத்ததும், சீல் உரசிய கழுத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் இருந்தால், புதுச் சீல் மட்டும் போட்டுப் பூட்டுவது வீண். கழுத்தைக் கடைசலில் கொடுத்து மெருகேற்றலாம். ஆழமான பள்ளமென்றால் உறை. பழைய சீலைக் குத்தி எடுக்கும்போது அது இருந்த வீட்டின் சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1950களில் தோல் சீல்கள்தான் வந்தன. என் கராஜில் இன்னும் சில கிடக்கின்றன. தோல் என்றால் ஓர் இரவு ஒயிலில் ஊறவைத்துப் போட வேண்டும். றப்பர் என்றால் நாக்கில் ஒயில் தடவினால் போதும். உலர்ந்த நாக்கோடு பூட்டினால் முதல் நூறு மீற்றரிலேயே கருகிவிடும்.

கடைசியாக நட். மைனரில் பினியன் பெயாரிங்குகளுக்கு இடையே இருப்பது நசுங்காத, கெட்டியான இடைக்குழாய். ஆகவே நட்டைக் கையேட்டில் சொல்லியபடி 140 பவுண்டு-அடிக்கு இறுக்கினால் பெயாரிங்கின் இறுக்கம் பழையபடி வந்துவிடும். பிற்காலத்தில் வந்த வேறு பல கார்களில் நசுங்கும் இடைக்குழாய் இருக்கிறது. அங்கே இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் பெயாரிங் செத்தது. உங்கள் மெக்கானிக் புதுக் கார்களில் பழகியவர் என்றால் இந்த வித்தியாசத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பூட்டுத் தகட்டை மடிக்கவும் மறக்க வேண்டாம்.

பின் அக்சிலுக்கு எந்த ஒயில்? என் நண்பர் என்ஜின் ஒயிலே போதும் என்கிறார். கடைக்காரர் ஜிஎல்-5 என்ற கியர் ஒயிலைத் தருகிறார். கியர்பொக்ஸுக்கும் அதையே ஊற்றலாமா? பழைய ஒயிலை வடித்த பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டுமா?
— வாசகர், மட்டக்களப்பு

நண்பருக்கும் கடைக்காரருக்கும் பாதிப் பாதி புள்ளிகள். மைனரின் கியர்பொக்ஸுக்கு என்ஜின் ஒயில்தான். இப்போதெல்லாம் 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. அதில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை கியர்பொக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

பின் அக்சில் வேறு சாதி. அது ஹைபொயிட் பற்சக்கரம். பினியன், பெரிய சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு நேரே வராமல் சற்றுக் கீழே வந்து கடிக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியும் செல்லும். அந்த அழுத்தத்தில் சாதாரண என்ஜின் ஒயிலின் படலம் கிழிந்துவிடும். ஈபி 90 என்று எழுதியிருக்கும் ஹைபொயிட் ஒயில்தான் வேண்டும். கடைக்காரரின் ஜிஎல்-5, 90 தடிப்பாக இருந்தால் அக்சிலுக்கு வாங்குங்கள். ஒழுக்கை நிறுத்துவதற்காக 140 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுகும் வேகம் குறையும், உண்மைதான். கூரை ஒழுகும்போது கீழே சட்டி வைப்பதும் இதே வைத்தியம்தான்.

மண்ணெண்ணெய் வேண்டாம். வெளியே கழுவத்தான் அது. உள்ளே ஊற்றினால் அடியில் படிந்த சேறு கலங்கிப் பெயாரிங்குக்குள் போகும், கொஞ்சம் மண்ணெண்ணெய் மூலைகளில் தங்கிப் புது ஒயிலை நீர்க்கச் செய்யும். கார் சூடாக ஓடி வந்த உடனே வடியுங்கள். இரவு முழுவதும் வடிய விடுங்கள். வடிகால் மூடியில் இரும்புத் தூள் பசைபோல இருந்தால் பயமில்லை. பளபளக்கும் துண்டுகள் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

சிலிக்கன் பசை கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் கனடாவில் ஒரு 1962 மைனரை வைத்திருக்கிறேன். காகிதத்தோடு சிலிக்கனும் பூசிப் பத்து வருடமாக ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை. பழைய மெக்கானிக்குகள் புதியதை ஏற்பதில்லை என்பதைத் தவிர உங்கள் தடைக்குக் காரணம் உண்டா?
— வாசகர், ஸ்காபரோ

உண்டு. ஆனால் நீங்கள் குத்திய இடத்தில் கொஞ்சம் வலிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வரியில் எழுதியதால் தடைச்சட்டம்போல ஒலித்துவிட்டது. காகிதத்தின் இரு முகத்திலும் விரல் நுனியால், காகிதத்தின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பசையைத் தடவினால் தீங்கில்லை. இறுகாத பசையாக இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த முறை கழற்றுவது எளிது. நீங்கள் அப்படித்தான் பூசியிருப்பீர்கள். பத்து வருடம் அதற்குச் சாட்சி. நான் கண்ட கார்களில் பூசவில்லை, இடியப்ப உரலில் பிழிவதுபோலப் பிழிந்திருந்தார்கள். பிழிந்தது இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதைப் பார்த்து மகிழ்வார்கள். உள்ளே பிதுங்கியது அறுந்து பெயாரிங்குக்குள் போவதை யாரும் பார்ப்பதில்லை. முகத்தட்டை இறுக்குமுன் சிலிக்கன் காய்ந்துவிட்டால் அந்தத் தலைமயிர் அளவும் போய்விடும். காகிதமே வைக்காமல் சிலிக்கனை மட்டும் நம்பியவர்களும் உண்டு.

ஒரு நாள் கழற்றினால், வளையம் எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். சரியான அளவில் நின்றால் உங்கள் காரைக் காத்தது சிலிக்கனா வளையமா என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒரு பக்கம் றப்பர் மூடியுள்ள பெயாரிங் போட்டிருப்பதாகக் கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல யோசனை. நானும் இப்போது அதைத்தான் போடுகிறேன், எங்கள் பழைய மெக்கானிக் சங்கத்துக்குத் தெரிய வேண்டாம்.

ஒரு பழைய மைனரை விலை பேசியிருக்கிறேன். பின் அக்சிலில் ஒரு சொட்டு ஒயில் கசிவும் இல்லை, எலும்புபோலக் காய்ந்திருக்கிறது. விற்பவர் அதையே பெருமையாகக் காட்டுகிறார். நம்பலாமா?
— வாசகர், மானிப்பாய்

1972இல், 14 வயதில் ஸ்பானர் பொறுக்கிக் கொடுக்கும் பொடியனாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். இந்த வயதுக் காரில் பின் அக்சில் எலும்புபோலக் காய்ந்திருப்பதை அதன் பிறகு சில முறை கண்டிருக்கிறேன். சிலவற்றில் நல்ல கை பட்டிருந்தது. மற்றவற்றில் உள்ளே ஒயில் இல்லை.

காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். பின்பக்க மூடியைக் கழற்றி, சுண்டு விரலை முதல் கணுவரை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி வளையுங்கள். விரல் நனைந்து, உள்ளி நாற்றம் அடித்தால் விலையைத் தொடர்ந்து பேசுங்கள். நனையாவிட்டால் ஒயில் ஊற்றச் சொல்லி, ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்பதும் தெரியும், எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதும் தெரியும். விரலில் மரத்தூள் ஒட்டி வந்தால், டிபரன்சல் அலறுவதை மூடி மறைத்திருக்கிறார்கள். விரலைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.